ரெண்டாவது செய்தி

இந்தப் பக்கம் தள்ளி உக்காரு சுகந்தி. திண்டிவனம் வரைக்கும் அந்த ஜன்னல்லதான் வெயில் அடிக்கும். பாஷா அண்ணே, ஏசியக் கொஞ்சம் கூட்டி வைங்க, புள்ளைக்கு வேத்துக் கொட்டுது.

உன் போன் என்கிட்டயே இருக்கட்டும்மா. சார்ஜ் சுத்தமா இல்ல, அதான் அணைச்சுப் பையில போட்டுட்டேன். யாரு கூப்பிடறதா இருந்தாலும் என் நம்பருக்குத்தான் கூப்பிடுவாங்க, சொல்லி வெச்சிருக்கேன். உன் தம்பி புகழ் எடுக்கலன்னா எடுக்கல, ஆஸ்பத்திரிக்குள்ள யாரு போன் பேச விடறா? அப்பாவுக்கு மயக்கம், புகழ் பைக்ல பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கான், அவ்வளவுதான் எனக்கும் தெரியும். உங்க சித்தப்பா ஆபீஸுக்குப் போன் பண்ணி பிரபாகர் சார்கிட்ட அதத்தான் சொன்னாராம். செஞ்சி என்ன சீமையா? மத்தியானத்துக்குள்ள போயிடலாம்.

பிரபாகர் சாரு நேரா என் சீட்டுக்குத்தான் வந்தாரு. "தமயந்தி, நீங்க கூடப் போயிட்டு வந்துடுங்க"ன்னாரு. ஏன், டீம்ல வேற ஆளே இல்லையா? அவரு வந்தாத்தான் என்ன? ஆபீஸ்ல யாருக்கு எதுன்னாலும் தமயந்திதான். போன வருஷம் செக்யூரிட்டி தனபால் கூட அரக்கோணம் போனேன். அதுக்கு முன்னாடி கேன்டீன் லூர்து மேரி கூட. கேட்டா, "நீங்க கலங்க மாட்டீங்க மேடம், உங்களுக்கு அந்தப் பக்குவம் இருக்கு"ங்கறாங்க. பக்குவமாம். இவங்களுக்கு வாயத் தொறக்கத் தைரியம் இல்ல, அதுக்கு எனக்குப் பக்குவம்னு பேரு.

தனபாலோட அண்ணனா? அவரு... அது வேற விஷயம்மா. அவரு ரொம்ப நாளாவே படுக்கையில இருந்தவரு. அத எதுக்கு இப்ப எடுத்துக்கிட்டு.

லீவப் பத்திக் கவலப்படாத. பதினாறு நாளும் சாரே போட்டுட்டாரு.

பதினாறுன்னா சொன்னேன்? பத்து. பத்து நாள்னுதான் சொன்னாரு. வாய் குளறுது எனக்கு, காலைல காப்பிகூடக் குடிக்கல. சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குப் போடறதுதான், அப்பாவக் கூட இருந்து பாத்துக்க வேணாமா?

ஏதாவது பேசிட்டே போவோம், வழி தெரியாது. பாஷா அண்ணே, அன்னைக்கு ஒரு திங்கக்கெழம உங்க பொண்ணுக்கு ரத்த டெஸ்ட் குடுத்துட்டு, ரிசல்ட் வராம லேப் வாசல்ல நின்னேன்னு சொன்னீங்களே, நெனப்பிருக்கா? கம்ப்யூட்டர் நின்னு போச்சுன்னு சொல்லி எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. அது எங்ககிட்ட இருந்த மிஷின்தான் அண்ணே. ஏன் நின்னுச்சுன்னு கேட்டீங்க, எனக்கு அன்னைக்கு பதில் சொல்ல நேரமில்ல. இப்ப சொல்றேன். தப்பா சொன்னா இவ திருத்தட்டும், அதச் சரி பண்ணி எழுதினவளே இவதான்.

ஒரு பெரிய வீடு இருக்குன்னு வெச்சுக்குங்க. அதுதான் எங்க சர்வர், நெஜமான மிஷின். அதுக்குள்ள நெறைய குடித்தனம். ஒண்ணு உங்க லேப், ஒண்ணு ஒரு நகைக்கட, ஒண்ணு ஏதோ காலேஜு. ஆனா எந்தக் குடித்தனத்துக்கும் பக்கத்துல இன்னொண்ணு இருக்கறது தெரியாது. முழு வீடும் தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு ஓடிட்டிருக்கும். நெஜத்துல அதெல்லாம் மிஷினே இல்ல அண்ணே, மிஷின் மாதிரி ஒரு தோற்றம். கெஸ்ட்டுன்னு சொல்லுவோம். விருந்தாளி.

அந்த விருந்தாளிக்கு எல்லாத்தையும் ஞாபகத்துல வெச்சுக்க எடம் வேணும். மெமரிங்கறாங்களே, அது. அந்த எடம் நெஜ வீட்டோட தரைன்னு வைங்க. தரையில ஒரு கல்லு உடைஞ்சு போச்சுன்னா மொதல்ல வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். அவன் போயி விருந்தாளிகிட்ட சொல்லணும். இந்தக் கல்லு போச்சு, இதுமேல நீ வெச்சிருந்தது இனிமே இல்ல, இங்க கால வெக்காதன்னு. விருந்தாளி அதக் கேட்டுக்கிட்டு, அங்க நடந்துட்டிருந்த வேலைய மட்டும் விட்டுட்டு, மிச்சத்த வெச்சுப் பொழச்சுக்கும். கேட்டதுக்கு அடையாளமா, சரி, தெரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு பதிலும் எழுதி வெக்கும்.

சொல்லாம விட்டா என்னவா? நல்லாக் கேட்டீங்க. சொல்லாம விட்டா அந்த உடைஞ்ச கல்லுமேலயே நடந்துட்டிருக்கும் அண்ணே. உங்க பொண்ணோட ரிசல்ட்டுல வேற யாரோட நம்பராவது வந்து உக்காரும். அதுக்கு நின்னு போறதே மேல்.

இப்ப சிக்கல் எங்கன்னா, சொல்றதுக்கு ஒரே ஒரு பலகைதான். அதுல எழுதி வெச்சு மணி அடிக்கணும். விருந்தாளி படிச்சு பதில் எழுதற வரைக்கும் பலகைய அழிக்கக் கூடாது. அன்னைக்கு ஒரு கல்லு போச்சு, எழுதிட்டோம், மணி அடிச்சுட்டோம். லேப் மிஷின் இன்னும் படிச்சே முடிக்கல, அதுக்குள்ள இன்னொரு கல்லும் போச்சு. பலகை காலியா இல்ல. என்ன பண்ணுவீங்க? இதுக்கான புரோகிராம மொதல்ல எழுதின மகராசன் ரெண்டாவது ஒண்ணு வரும்னே யோசிக்கல. பலகை காலியா இல்லன்னா ஆளையே இழுத்து மூடிடுன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டான். ரெண்டாவது துக்கத்த எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அதனால ஆளையே தீத்துட்டான். உங்க லேப் மிஷின் செத்தது அப்படித்தான். அது ரெண்டு கல்லு போனதையும் தாங்கியிருக்கும் அண்ணே. சொல்லத் தெரியாததாலதான் செத்துச்சு.

இரு, போன் அடிக்குது. சொல்லுங்க. ம். மதுராந்தகம் தாண்டிட்டோம். இல்ல. இன்னும் இல்லைங்க. எங்க கட்டியிருக்கீங்க? வளைவுலயா? ரெண்டுமே ஒண்ணுலயா போட்டிருக்கீங்க? அய்யோ, அத எதுக்குங்க அவ்வளவு அவசரமா... சரி. சரி, அதுக்கு முன்னாடியே. பாத்துக்கறேன், வைங்க.

ஆபீஸ்லேர்ந்துதான். ஏதோ விழாவாம், பேனர் கட்றாங்களாம். என்ன விழான்னு எனக்கென்ன தெரியும், என்னக் கேட்டா செய்யறாங்க?

எங்க விட்டேன்? ஆங். பிரபாகர் சார் ரூம்ல அன்னைக்கு சண்ட போட்டோமே சுகந்தி. அவருக்கு மிஷின் ஓடினாப் போதும், ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போங்கன்னாரு. நான் என்ன சொன்னேன்? பலகையப் பெருசாக்கி ரெண்டையும் ஒண்ணா எழுதிடலாம், ஒரே தடவையில வேல முடிஞ்சுதுன்னேன். நீதான் ஒத்துக்கல. "அதுக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான்க்கா படிக்க வரும். ரெண்டா எழுதினா மொதல் வரியப் படிச்சுட்டு சரின்னுடும். ரெண்டாவது வரி அப்படியே நிக்கும்"னு சொன்ன. ரெண்டாவது செய்திய நம்ம கையில புடிச்சு வெச்சுக்கணும், மொதலாவதுக்கு பதில் வர்ற வரைக்கும் அந்தக் கல்லுப் பக்கம் போக விடாம வழிய மறிச்சு நிக்கணும், பதில் வந்த பெறகுதான் அடுத்தத எழுதணும்னு ஒத்தக் கால்ல நின்ன. எழுதியும் காட்டின. இப்ப பாரு, போன வாரம் ஒரே மிஷின்ல மூணு கல்லு போச்சு. ஒண்ணொண்ணா சொன்னோம். விருந்தாளி நல்லா இருக்கு, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நீ எழுதினது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்தப் பிரபாகர் சாருக்குப் புரியல, எனக்குப் புரிஞ்சுது. அன்னைக்குப் புரியல, வீட்டுக்குப் போயி யோசிச்சப்பதான் புரிஞ்சுது.

திண்டிவனம் வந்துடுச்சு. பாஷா அண்ணே, இங்கயே நிறுத்துங்க, இந்தக் கடையில இட்லி சுடச்சுட இருக்கும்.

வேணாம்னு சொல்லாத. ரெண்டாவது இட்லியும் சாப்பிடு. அங்க போனா அடுப்பு எப்பப் பத்த வெப்பாங்களோ. அதாவது... அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுட்டிருப்பாங்க இல்ல, யாரு சமைப்பா? அதச் சொன்னேன். இந்தா, தண்ணி.

ஏன் அப்படிப் பாக்கற?

எனக்கு யாரு சொன்னாங்களா? எதப் பத்தி? ஓ, எங்க வீட்டுக்காரரு போனதப் பத்திக் கேக்கறியா. எதுக்கும்மா இந்த நேரத்துல அது. சரி, கேக்கற, சொல்றேன். கார்ல ஏறு, போயிட்டே சொல்றேன்.

நான் அப்ப ஹைதராபாத்ல ட்ரெய்னிங்ல இருந்தேன். கிளாஸ் நடுவுல எங்க அண்ணன் போன் பண்றான். அவனுக்கு எதையும் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது, லாரி ஷெட்டுல வேல பாக்கறவன். "தமயந்தி, மாப்ள காலைல நெஞ்சு வலியில போயிட்டாரு, அதக் கேட்டு அம்மாவும் அப்படியே சாஞ்சுட்டாங்க, அம்மாவும் போயிட்டாங்க, நீ கெளம்பி வா." அவ்வளவுதான். ஒரே மூச்சு. நான் சரிண்ணான்னுட்டு போன வெச்சுட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணுகிட்ட எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருன்னு சொன்னேன். அம்மாவப் பத்தி சொல்லல. மறைக்கல சுகந்தி, சொல்லணும்னே தோணல.

வீட்டுக்குப் போனா வாசல்ல ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல கெடத்தியிருக்காங்க. அவர் மேல விழுந்து அழுதேன், தொண்டையே போச்சு. எல்லாரும் என்னப் புடிச்சு இந்தப் பக்கம் திருப்பி, அம்மாவப் பாரு, அம்மாவப் பாருங்கறாங்க. பாத்தேன். பாத்துட்டு, அம்மாவுக்கு வெயில் படுது, கொஞ்சம் நெழல்ல போடுங்கன்னு சொன்னேனாம். எனக்கு அது நெனப்பில்ல. அண்ணி சொல்லித்தான் தெரியும்.

அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன், நீயே பாக்கற. அவரு இல்லன்னு பழகிப் போச்சு. அவர் சட்டையெல்லாம் குடுத்துட்டேன், அவர் வண்டிய வித்துட்டேன். அம்மாவுக்குத்தான் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு புடவ எடுத்துடுவேன். கஞ்சி போடாத பருத்தி, அரக்குக் கரை, அதுதான் அவங்களுக்குப் புடிக்கும். பீரோவுல ஒரு தட்டு நெறஞ்சு போச்சு. அம்மா நம்பருக்கு ரீசார்ஜும் போட்டுடுவேன், விட்டா நம்பர வேற யாருக்காவது குடுத்துடுவானுங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயி கதவத் தொறந்தா உள்ளேர்ந்து "வந்துட்டியா"ங்கும். வந்துட்டேம்மான்னுட்டு செருப்பக் கழட்டுவேன். பயமெல்லாம் இல்ல. எங்கம்மாதானே, பயப்பட என்ன இருக்கு?

அண்ணி என்ன ஒரு டாக்டர்கிட்டக்கூடக் கூட்டிட்டுப் போனா. எனக்கு என்ன கொற? வேலைக்குப் போறேன், சம்பாதிக்கறேன். ஊர்ல யாருக்கு எழவு விழுந்தாலும் என்னத்தான் கூப்பிடறாங்க. அம்மா போயிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். யாராவது கேட்டா தெளிவா சொல்லுவேன். தெரியும், ஆனா செய்தி இன்னும் வந்து சேரல. நீ அன்னைக்கு பிரபாகர் சார் ரூம்ல, ரெண்டாவது வரி அப்படியே நிக்கும்னு சொன்ன பாரு, வீட்டுக்குப் போயி ரொம்ப நேரம் வாசல்லயே நின்னேன். உள்ள போகப் புடிக்கல.

அதனாலதான் நான் யாருக்கும் ரெண்ட சேத்து சொல்ல மாட்டேன்.

ஒண்ணுமில்ல. பொதுவா சொன்னேன். அங்க பாரு, செஞ்சி மல தெரிய ஆரம்பிச்சுடுச்சு. எவ்வளவு பெரிய பாறையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு எப்படி நிக்குது பாரு. சின்ன வயசுல ஏறியிருப்பீங்களே, நீயும் புகழும்.

இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே அந்த வளைவு? சரி. அந்தப் புளியமரத்துக்குக் கீழ ஓரமா நிறுத்துங்க. நீங்க எறங்கி அந்தக் கடையில ஒரு டீ சாப்பிடுங்க. நான் கூப்பிடறேன்.

கையக் குடு சுகந்தி. என்னப் பாரு. ஜன்னலப் பாக்காத, என்னப் பாரு.

அப்பா இல்லம்மா.

ஆமா. காலைலயே. நாம கெளம்பறதுக்கு முன்னாடியே. தெரியும், எனக்குத் தெரிஞ்சுதான் உன் கூட வந்தேன். வழியெல்லாம் கத பேசிட்டு வந்தேன், இட்லி தின்ன வெச்சேன். திட்டு. நல்லாத் திட்டு. அடிக்கணும்னாலும் அடி.

பதினாறுன்னு சொன்னப்பவே தெரியுமா? அப்புறம் ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல? கேட்டா நெஜமாயிடும்னா இருந்த? சரி. சரிம்மா.

அம்மா இருக்காங்க. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, வீட்லதான் இருக்காங்க, சித்தி கூட இருக்காங்களாம். நீ அழு. இப்படி வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்காத, பயமா இருக்கு எனக்கு. சத்தம் போட்டு அழுதுடு கண்ணு. யாரும் இல்ல இங்க. நீ அழுதாத்தான் நான்... நீ மொதல்ல அழுதுடு.

அப்படித்தான். அப்படித்தான். சாஞ்சுக்க. அப்பாவுக்காக அழு, வேற எதையும் இப்ப யோசிக்காத.

என்ன சொல்ற? நிமிந்து சொல்லு, காதுல விழல. புகழா. புகழ் எப்படித் தாங்குவான்னா கேக்கற. ஊசி போட்டாலே மயக்கம் போட்டு விழறவன், அவன் எப்படிக் கொள்ளி வெப்பான்னு... அவனுக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லி மனசத் தேத்தணுமா? நீ பேசணுமா அவன்கிட்ட? போனா? போன்ல சார்ஜ் இல்லம்மா, சொன்னேன்ல. என் போனா. என் போன்ல சிக்னல் இல்ல, மலப் பக்கம் பாரு, இங்க சிக்னலே எடுக்காது.

தண்ணி குடி. ஒரு வாய் குடி. மூஞ்சத் தொடச்சுக்க. அந்த லேப் மிஷின் கதையில ஒண்ண சொல்ல மறந்துட்டேன் பாரு, அன்னைக்கு ராத்திரி பிரபாகர் சாரு என்கிட்ட... சரி, வேணாம். பேசல. பேசலம்மா, கைய விடாத.

என்ன கேட்ட?

உங்க சித்தப்பா எதுக்கு ஆபீஸுக்கு போன் பண்ணாருன்னா கேக்கற? அவருக்கு ஆபீஸ் நம்பர் கெடச்சுருக்கும், பண்ணியிருப்பாரு. புகழ்தான் பண்ணியிருக்கணுமா? உனக்கு, உன் போனுக்கு. அப்பாவுக்கு சளி புடிச்சாக்கூட அவன்தான் பண்ணுவான்ங்கற. ஆமா. நானும் அதத்தான் யோசிச்சேன், இவ இதக் கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு. பதில்கூடத் தயார் பண்ணிட்டுத்தான் வந்தேன், அத விடு.

ரெண்டு பேரும் ஒரே பைக்ல போனாங்க கண்ணு.

லாரி. எதிர்ல வந்திருக்கு. அப்பாவுக்கு மயக்கமெல்லாம் இல்ல, ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிட்டிருந்தாங்களாம். அப்பா அங்கயே. புகழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, போற வழியில... புகழும் இல்லம்மா. புகழும் இல்ல. அந்த வளைவுல பேனர் கட்டியிருக்காங்க, ரெண்டு படமும் போட்டு. நீ அதப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் இங்க நிறுத்தச் சொன்னேன்.

புடிச்சுக்க. என்ன நல்லாப் புடிச்சுக்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல, வண்டி இங்கயே நிக்கட்டும்.

கொஞ்சம் மூச்சு விட்டுக்க. இன்னும் ஒண்ணு சொல்லணும். யாருக்கும் எதுவும் ஆகலம்மா, வேற யாருக்கும் இல்ல, பயப்படாத. உங்கம்மாவுக்கு அப்பா போனது மட்டும்தான் தெரியும். புகழ் ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுட்டிருக்கான், வந்துடுவான்னு சொல்லி வெச்சிருக்காங்க. அவங்க வாசலப் பாத்துட்டே இருக்காங்களாம். சித்தப்பாவுக்கும் வாய் வரல, சித்திக்கும் வரல. நீ வந்து சொல்லுவன்னு எல்லாரும் காத்துட்டிருக்காங்க.